தூக்குக்குண்டு பொய் சொல்லாது

கொட்டகைக்கும் தொட்டிக்கும் பில்லர் போடும்போது, கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் முக்கியம்!

காலை ஏழு மணி. கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. சித்தாள்கள் பாண்டும் கையுமாக நிற்கிறார்கள். மாட்டுக்கொட்டகைக்கு ஆறு தூண். இன்று மூன்று, நாளை மூன்று என்று கணக்கு. தோட்டத்துக்காரர் சுற்றி வந்து பார்க்கிறார். மூலைத் தூணுக்கு நிறுத்தியிருக்கும் பலகைப் பெட்டி அவர் கண்ணுக்கு ஏதோ சரியில்லை.

‘‘மேஸ்திரி, அந்த மூலை பில்லர் கொஞ்சம் சாஞ்சாப்புல தெரியுதே?’’

‘‘அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. பூச்சுல சரி பண்ணிக்கலாம்.’’

கிராமத்தில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆள் கூலி ஓடுகிறது, மெஷினுக்கு வாடகை ஓடுகிறது. இந்த நேரத்தில் வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. தோட்டத்துக்காரரும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். மறுநாள் பலகையைப் பிரிக்கும்போது, சாய்வு அப்படியே கல்லாகி நிற்கிறது.

சாய்ந்த தூணைப் பூச்சால் நிமிர்த்த முடியாது. கண்ணுக்குத்தான் நேராகத் தெரியும். அதற்காக ஒரு பக்கம் ஒன்றரை, இரண்டு அங்குலம் கனமாக அப்பிய பூச்சு சில வருடங்களில் விரிசல்விட்டுக் கழன்று விழும். மேலே இருக்கும் பாரமோ பூச்சு வழியாக இறங்குவதில்லை. அது உள்ளே சாய்ந்து நிற்கும் கான்கிரீட் வழியாகத்தான் இறங்குகிறது.

இரண்டு அங்குலச் சாய்வு என்ன செய்யும்?

10 அடிக்கு 20 அடி கொட்டகை, மேலே 5 அங்குலத் தளம் என்று வைத்துக்கொள்வோம். தளம் மட்டும் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. 200 சதுர அடிக்கு 6 டன். அதற்கு மேல் 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால், தண்ணீர் மட்டுமே 2 டன். பீம்களின் எடை தனி. இத்தனையும் ஆறு தூண்களின் தலையில்தான் இறங்குகிறது.

தூண் நேராக இருந்தால் பாரம் நடுவில் இறங்கும், கான்கிரீட் முழுவதும் சீராக அழுந்தும். அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டி. இழுப்பைத் தாங்குவதில் அது ரொம்பவே பலவீனம். 9 அங்குல அகலத் தூணில், பாரம் நடுமையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விலகினால், ஒரு பக்கம் கூடுதலாக அழுந்தி, எதிர்ப்பக்கம் இழுபட ஆரம்பிக்கும். அந்த இழுப்பைக் கம்பி மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். சாய்ந்த தென்னை காய் பிடித்த பிறகு இன்னும் சாய்வதைப் போல, சாய்ந்த தூணைப் பாரம் மேலும் சாய்க்கவே பார்க்கும்.

10 அடி உயரத்துக்குக் கால் அங்குலம் வரை விலகினால் பரவாயில்லை. அதைத் தாண்டினால், கான்கிரீட் போடுவதற்கு முன்பே பெட்டியை நிமிர்த்திவிட வேண்டும். அப்போது ஆகும் செலவு ஓர் ஆப்பும் பத்து நிமிடமும்தான்.

எல்லாம் ‘ஸ்டார்ட்டரில்’ ஆரம்பிக்கிறது

தூண் கோணலாவதற்கான காரணம் பல நேரம் தரை மட்டத்திலேயே இருக்கும். அஸ்திவாரத்துக்கு மேலோ, பிளிந்த் பீமுக்கு மேலோ, தூணின் அதே அளவில் 3 முதல் 4 அங்குல உயரத்துக்குச் சிறிய கட்டி ஒன்றை முதலில் வார்ப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டார்ட்டர். பலகைப் பெட்டி இதைக் கவ்விக்கொண்டுதான் நிற்கும். ஸ்டார்ட்டர் அரை அங்குலம் தள்ளிப்போனால் தூணும் அரை அங்குலம் தள்ளி நிற்கும். அது திரும்பியிருந்தால் தூணும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அதனால் ஸ்டார்ட்டர் போடும் நாளில் பக்கத்தில் இருப்பது நல்லது. மூலையில் இருக்கும் நான்கு தூண்களுக்கு முதலில் அளவு எடுத்து, வெளிப்பக்க விளிம்பைத் தொட்டுக்கொண்டு நைலான் நூல் கட்ட வேண்டும். மூலை சரியா என்று பார்க்க 3, 4, 5 கணக்கு போதும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 5 அடி இருக்க வேண்டும். பெரிய இடத்தில் 6, 8, 10 அடி வைத்துப் பார்த்தால் பிழை இன்னும் குறையும். கடைசியாக மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடிக்க வேண்டும். 10-க்கு 20 கட்டடத்தில் இது சுமார் 22 அடி 4 அங்குலம் வரும். இரண்டு குறுக்களவும் சமமாக இருப்பதுதான் முக்கியம். நடுத் தூண்களின் ஸ்டார்ட்டர் அதே நூலை ஒட்டி வர வேண்டும்.

பெட்டி அடிக்கும் முறை

நாட்டு மரப் பலகையோ பிளைவுட்டோ, உள்முகம் வழவழப்பாகவும் வளைவில்லாமலும் இருக்க வேண்டும். 12 மி.மீ பிளைவுட்டாக இருந்தால் பின்பக்கம் நெடுக ரீப்பர் அடிக்காமல் பயன்படுத்தக் கூடாது. பச்சை மரம் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். ரொம்பக் காய்ந்த பலகை கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். காய்ந்த பலகையாக இருந்தால் கான்கிரீட் போடுவதற்கு முன் நனைத்துக்கொள்ள வேண்டும்.

9-க்கு 12 அங்குலத் தூண் என்றால், 9 அங்குலப் பலகை இரண்டும் உள்ளே, மற்ற இரண்டும் அவற்றை மூடிக்கொண்டு வெளியே வரும். பலகையின் கனம் ஓர் அங்குலம் என்றால், வெளிப்பலகையின் அகலம் 14 அங்குலம் இருக்க வேண்டும். இந்த அளவில் ஒரு வசதி உண்டு. 9, 12, 15 என்பது அதே 3, 4, 5 கணக்குதான். பெட்டியின் உள்ளே மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் சரியாக 15 அங்குலம் வர வேண்டும். ஒரு பக்கம் 15½, மறுபக்கம் 14½ என்று வந்தால் பெட்டி சாய்சதுரமாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே அடிக்கும் ஆணிகளின் தலையைக் கால் அங்குலம் நீட்டிவிட்டால், பிரிக்கும்போது பலகையும் உடையாது, தூணின் முனையும் உடையாது.

பலகை கான்கிரீட்டில் ஒட்டாமலிருக்க உள்முகத்தில் எண்ணெய் தடவுவார்கள். பெட்டியை நிறுத்துவதற்கு முன்பே மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு தடவினால் எண்ணெய் கம்பியில் படும். எண்ணெய் பட்ட கம்பியைக் கான்கிரீட் பிடிக்காது.

மூன்று பக்கத்தை நிறுத்தி, கம்பிக்கூட்டைச் சரிபார்த்த பிறகு நான்காவது பக்கத்தை மூட வேண்டும். அடியில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சிறிய ஜன்னல் விடுவது நல்ல பழக்கம். மரத்தூள், மண், கட்டுக்கம்பித் துண்டு, காய்ந்த இலை எல்லாம் அடியில்தான் போய்ச் சேரும். அவற்றை வழித்தெடுத்துவிட்டு ஜன்னலை அடைக்க வேண்டும். பாரத்தில் பெரும்பங்கு இறங்கும் இடத்தில் குப்பை அடைத்துக் கிடந்தால், மேலே எவ்வளவு நல்ல கலவை போட்டும் பயனில்லை.

அடியில்தான் அழுத்தம் அதிகம்

கொட்டிய கையோடு கான்கிரீட் தண்ணீரைப் போலத்தான் நடந்துகொள்ளும். கீழே போகப் போக பலகையை வெளியே தள்ளும் விசை கூடும். 10 அடித் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால், அடிப்பலகையின் ஒவ்வொரு சதுர அடியையும் 650 கிலோவுக்கு மேலான விசை தள்ளும். இது வளர்ந்த காங்கேயம் காளையின் எடையைவிட அதிகம். நாலு ஆணியை நம்பி விட்டால் பெட்டி வயிறு தள்ளும், சில நேரம் வெடித்தே போகும்.

அதைத் தடுக்கத்தான் பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டைச் சட்டம் போட்டு இறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘யோக்’ என்று பெயர். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தடிக்கும் அதே சொல்தான். தரையிலிருந்து 6 அங்குலத்தில் முதல் சட்டம், பாதி உயரம் வரை ஓர் அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்றரை அடிக்கு ஒன்று, உச்சியில் கட்டாயம் ஒன்று. மேலே நெருக்கமாகவும் கீழே கலக்கமாகவும் போட்டிருந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்

பெட்டி நேராக இருந்தாலும், உள்ளே கம்பிக்கூடு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் தூண் நீண்ட நாள் நிற்காது. தூணின் நீளக்கம்பிக்கு வெளியே 40 மி.மீ, அதாவது ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் கையேடு. மாட்டுக்கொட்டகையில் இது இன்னும் முக்கியம். தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம், மாட்டு மூத்திரம் தூண் அடியில் தேங்குகிறது. மூடாக்கு குறைந்தால் ஈரமும் உப்பும் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

இடைவெளிக்கு ஜல்லித் துண்டைச் செருகிவைப்பது பல இடங்களில் நடக்கிறது. கலவை விழும் வேகத்தில் ஜல்லி நழுவி விழுந்துவிடும். கட்டுக்கம்பி பதித்த சிமென்ட் கவர் பிளாக்கை நான்கு முகத்திலும், 3 அடிக்கு ஒன்றாக, கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

குண்டு தொங்கவிடும் முறை

இப்போது பெட்டியை நேராக நிறுத்த வேண்டும். இரண்டடி ரசமட்டத்தைப் பலகையில் ஒட்டிவைத்துப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்வது 10 அடிப் பெட்டிக்குப் போதாது. ரசமட்டமே தவறாகவும் இருக்கலாம். அதை முனை மாற்றித் திருப்பி வைத்துப் பார்த்தால் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதை நம்ப முடியாது.

தூக்குக்குண்டில் அந்தச் சந்தேகமே இல்லை. பெட்டியின் உச்சியில் ஒரு சிறு கட்டையை வெளியே நீட்டி ஆணி அடித்து, பலகையிலிருந்து சரியாக 3 அங்குலம் தள்ளி நூலைக் கட்ட வேண்டும். குண்டு தரைக்குக் கொஞ்சம் மேலே தொங்கட்டும். காற்றில் ஆடினால் ஒரு வாளித் தண்ணீரில் குண்டு மூழ்கும்படி வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். பிறகு நூலுக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தை அடியில் அளக்க வேண்டும். 3 அங்குலம் வந்தால் பெட்டி நேர். 2½ வந்தால் பெட்டியின் தலை குண்டு தொங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது. நடுவிலும் ஒருமுறை அளந்தால் பலகையின் வளைவும் தெரிந்துவிடும்.

ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். கிழக்கு முகத்தில் சரியாக இருக்கும் பெட்டி, வடக்கு தெற்காகச் சாய்ந்திருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் குண்டு விட வேண்டும்.

வரிசைத் தூண்களில் முதல் தூணையும் கடைசித் தூணையும் முதலில் நிமிர்த்தி, அடியிலும் உச்சியிலும் நூல் இழுத்து, நடுப்பெட்டியை அந்த நூலுக்கு ஒட்டி நிறுத்த வேண்டும். பெட்டி நூலில் உரசினால் நூலே வளைந்துவிடும். அதனால் ஓர் அங்குலம் தள்ளி நூல் கட்டி, பெட்டியின் இரு முனையிலிருந்தும் அந்த ஓர் அங்குலத்தை அளப்பார்கள். இரு முனையிலும் ஒரே அளவு வந்தால் பெட்டி முறுக்கவில்லை. உச்சி மட்டத்துக்கு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். குழாயில் காற்றுக்குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

நிமிர்த்திய பெட்டியை நான்கு பக்கமும் சவுக்குக் கட்டையால் சாய்வாக முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டு கொடுத்தால் கலவையின் வேகம் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். முட்டின் அடியை ஆழமாக அடித்த முளையில் கட்டி, ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். கரிசல் மண்ணில் தண்ணீர் சிந்தினால் முளை இளகிவிடும். அங்கே முட்டுக்கு அடியில் அகலப் பலகை போடுவது அவசியம். அன்றைக்கு ஆடு மாடுகளை அந்தப் பக்கம் அவிழ்த்துவிடாமல் இருப்பதும் முக்கியம். முட்டுக் கட்டையில் முதுகு தேய்க்க மாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

கான்கிரீட் போடும்போது

9-க்கு 12 அங்குலத்தில் 10 அடித் தூணுக்கு ஏழரை கன அடி கான்கிரீட் ஆகும். 1:1½:3 கலவையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மூட்டை சிமென்ட். மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். ‘கலவை இறங்க மாட்டேங்குது’ என்று ஊற்றும் ஒவ்வொரு குடமும் தூணின் பலத்தைக் குறைக்கும்.

5 அடிக்கு மேல் உயரத்திலிருந்து கலவையைக் கொட்டக் கூடாது. ஜல்லி தனியாகவும் சிமென்ட் பால் தனியாகவும் பிரிந்துவிடும். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பாதி உயரம் வரை மட்டும் மூடி, அதுவரை நிரப்பிய பிறகு மேல்பாதியை மூடலாம். ஒன்றரை அடிக்கு ஒருமுறை நிறுத்தி, வைப்ரேட்டரோ நீளக் கம்பியோ விட்டுக் குத்த வேண்டும். பலகை இணைப்பில் சிமென்ட் பால் ஒழுகினால் உடனே அடைக்க வேண்டும். பால் போன இடத்தில் ஜல்லி மட்டும் மிஞ்சும்.

தூக்குக்குண்டை அவிழ்த்துவிடக் கூடாது. பாதி நிரம்பியதும் ஒருமுறை, முழுதும் நிரம்பியதும் ஒருமுறை அளக்க வேண்டும். அப்போது சாய்வு தெரிந்தால் ஆப்பைத் தட்டி நிமிர்த்தலாம். அதுவும் கலவை போட்ட அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். இறுக ஆரம்பித்த கான்கிரீட்டை அசைத்தால் உள்ளே விரிசல் விழும்.

பலகை பிரிப்பதும் தண்ணீர் விடுவதும்

தூணின் பக்கப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. இது ஓ.பி.சி சிமென்ட்டுக்குச் சொன்ன கணக்கு. மூட்டையில் பி.பி.சி என்று அச்சிட்டிருந்தால், இரண்டு நாள் விட்டுப் பிரிப்பது நிம்மதி. பலகை பிரித்ததாலேயே தூண் பாரம் தாங்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பிரித்த உடனே சணல் சாக்கைச் சுற்றி, ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். ஓ.பி.சி-க்குக் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள். பி.பி.சி-க்கு 10 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 14 நாள். நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச மறக்காதவர்கள் தூணுக்கும் மறக்கக் கூடாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பிரித்த இடத்தில் ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் சிதறிக் கிடக்கும். தீவனத்தோடு சேர்த்து மாடு அதை விழுங்கினால், வயிற்றைக் குத்தி இதயம் வரை போய் உயிரையே எடுத்துவிடும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துப் பொறுக்கிவிட்டு, அதன் பிறகுதான் கொட்டகையில் மாட்டைக் கட்ட வேண்டும்.

மெஷின் ஓடும் முன் பார்க்க வேண்டிய எட்டு

1. ஸ்டார்ட்டர் நூல் வரிசையில் இருக்கிறதா?
2. பெட்டியின் உள்ளே இரண்டு குறுக்களவும் சமமா?
3. அடியில் குப்பை வழித்தாகிவிட்டதா?
4. நான்கு முகத்திலும் கவர் பிளாக் கட்டியிருக்கிறதா?
5. கீழே சட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா?
6. இரண்டு முகத்தில் குண்டு விட்டுப் பார்த்தாகிவிட்டதா?
7. நான்கு பக்கமும் முட்டு இறுக்கமாக இருக்கிறதா?
8. பலகை இணைப்புகளில் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் பாலும் ஒழுகும்.

நீங்கள் கேட்டவை

இரும்பு ஷீட் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. மரப்பெட்டியைவிட அது நல்லதா?

தூண்கள் அதிகமாகவும் ஒரே அளவிலும் இருந்தால் இரும்புப் பெட்டி வசதி. தண்ணீரைக் குடிக்காது, முகம் வழவழப்பாக வரும். ஆனால், பல கை மாறிய ஷீட்டில் நெளிவும் ஓட்டையும் இருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். நாலைந்து தூணுக்கும், வழக்கமில்லாத அளவுக்கும் மரமே தோது. எதுவானாலும் குண்டு விட்டுப் பார்ப்பதில் மாற்றமில்லை.

பலகையைப் பிரித்தபோது அடியில் ஜல்லி ஜல்லியாகத் தெரிகிறது. சிமென்ட் பூசி மூடிவிடலாமா?

கூடாது. சுத்தியலும் உளியும் வைத்து, உதிரும் ஜல்லியை எல்லாம் முதலில் தட்டி எடுக்க வேண்டும். மேலோட்டமாக இருந்தால் நன்றாக நனைத்து, கெட்டியான சிமென்ட் கலவையை அழுத்தி அடைக்கலாம். கம்பி தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தால் மேலே வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு தூண் ஒன்றரை அங்குலம் சாய்ந்துவிட்டது. தளம் இன்னும் போடவில்லை. என்ன செய்வது?

தளம் போடாததால் இன்னும் வழி இருக்கிறது. இரண்டு முகத்திலும் குண்டு விட்டு அளவைக் குறித்துக்கொண்டு, பொறியாளரிடம் காட்ட வேண்டும். தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் பெரிதாக்குவதா, உடைத்துவிட்டு மறுபடி வார்ப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். உடைக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். போவது ஒன்றே முக்கால் மூட்டை சிமென்ட், கொஞ்சம் மணல், ஜல்லி, இரண்டு நாள் கூலி. அந்தத் தூணின் அடியில் மாடுகள் மட்டும் படுப்பதில்லை, மழைக்கு ஒதுங்கும் பிள்ளைகளும் அங்கேதான் நிற்பார்கள்.

மேஸ்திரி கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

கூலி பேசும் நாளிலேயே, ‘கலவை போடறதுக்கு முன்னாடி நானும் ஒருக்கா குண்டு விட்டுப் பார்த்துக்குவேன்’ என்று சொல்லிவிடுவது நல்லது. வேலை தெரிந்த மேஸ்திரி அதற்குக் கோபப்பட மாட்டார். நூலை அவரே எடுத்துக் கொடுப்பார்.